அசையும் மலையும் அளக்கும் செய்மதியும்

யாழ்ப்பாணத்தாரின் எல்லைச் சண்டைகளைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிச் சிரித்துவிட்டனர். கதியால் ஒன்று அரைச் சாண் அப்பால் நாட்டப்பட்டதென்று இரண்டு தலைமுறை வழக்குப் பேசிய குடும்பங்கள் எங்கள் ஊரிலும் உண்டு. கால் குழிக் காணியை மீட்பதற்காக ஐந்து பரப்புக் காணியை விற்று அப்புக்காத்துமாருக்குக் கொடுத்த பெரியவர்களைச் சிறுவயதில் நானே கண்டிருக்கிறேன். அந்தச் சண்டைகளுக்கெல்லாம் அடிப்படையாக ஒரு நம்பிக்கை இருந்தது. வேலி அசையும், எல்லைக்கல்லும் அசையும், சில வேளைகளில் இரவிலே நடக்கவுஞ் செய்யும், ஆனால் நிலம் அசையாது என்பதே அந்த நம்பிக்கை.

என் பெரியையா நில அளவைத் திணைக்களத்தில் நெடுங்காலம் பணிபுரிந்தவர். மலைநாட்டுச் சிகரங்களில் நாட்டப்பட்டிருக்கும் முக்கோண அளவைக் கற்களைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால் இராச்சாப்பாடு ஆறிப்போகும். ஒரு சிகரத்திலிருந்து இன்னொரு சிகரத்தை நோக்கிக் கோணம் எடுப்பதற்காக, முகில் விலகுமட்டும் மூன்று நாள் கூடாரத்திற் காத்திருந்த கதைகள் அவை. "தரையிற் போட்ட கல்லை மாடு இடறும், மனிசன் பிடுங்குவான், மலையிற் போட்ட கல்லுத்தான் கல்லு" என்பார். நாட்டின் காணி வரைபடங்கள் யாவும் கடைசியில் அந்த மலைக்கற்களிலே தொங்கிக்கொண்டிருப்பவை என்பதில் அவருக்கு ஒரு தனிப்பெருமை.

உயர்தர வகுப்பிற் புவித்தகடுகளைக் கற்பிக்கும்போது ஆண்டுதோறும் யாராவது ஒரு மாணவன் எழுந்து, "சேர், நாடே நகருதெண்டால் எங்கடை காணி எல்லை மாறாதோ?" என்று கேட்பதுண்டு. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு இயல்பாகவே எழவேண்டிய கேள்விதான். இலங்கை முழுவதும் ஆண்டுக்கு ஏறக்குறைய ஐந்து சென்ரிமீற்றர் வடகிழக்காக நகர்ந்துகொண்டிருப்பது உண்மையே. ஆயினும் வழக்காளியின் கல்லும் எதிராளியின் கல்லும் ஒரே தோணியிற் செல்பவை. ஆதலால் இடைத்தூரம் மாறுவதில்லை, வழக்கும் தீர்வதில்லை. இப்படிச் சொன்னதும் வகுப்புச் சிரிக்கும். ஆனால் இரண்டு கற்களும் வெவ்வேறு அளவில் நகரும் இடங்களும் உலகில் உண்டு. அவற்றுள் ஒன்று நமக்கு நேர் கிழக்கே, கடலுக்கு அப்பால் இருக்கிறது. அதைப் பற்றியே இங்கு எழுத எண்ணினேன்.

சுமாத்திராத் தீவின் மேற்குப் புறத்தை நெடுகிலும் அடைத்துக்கொண்டு நிற்பது புக்கிற் பாரிசான் என்னும் மலைத்தொடர். பெயரின் பொருளே 'வரிசை மலை' என்பதாம். ஏறத்தாழ 1,700 கிலோமீற்றர் நீளமுடைய அத்தொடரில் 3,805 மீற்றர் உயர்ந்து நிற்கும் கெரிஞ்சி எரிமலை உள்ளது. தோபா என்னும் பெருவாவியும் அங்கேதான் உள்ளது. மலைக்கு மேற்கே ஒடுங்கிய கரையோரச் சமவெளி. அதற்கு அப்பால், கடலினுள்ளே நூறு நூற்றைம்பது கிலோமீற்றர் தூரத்தில், சிமெலுவே, நியாஸ், பாத்து, சிபெருத், சிப்போரா, பகாய் என வரிசையாகத் தீவுகள். அத்தீவுகளுக்கும் அப்பால் ஆழ்கடல் அகழி. நாம் இருக்கும் தகடு அவ்வகழியிலேதான் சுமாத்திராவின் கீழே அமிழ்கின்றது. வேகம் ஆண்டுக்கு ஐந்து ஆறு சென்ரிமீற்றர். நமது கைந்நகம் வளரும் வேகத்திலும் சிறிது கூட என்று மாணவருக்குச் சொல்வேன்.

அமிழ்தல் என்றதும், எண்ணெயிட்ட பலகை வழுக்கிச் செல்வதுபோலச் செல்லுமென்று நினைத்தல் கூடாது. ஒரு பனையோலைப் பாயின் ஓரத்தின் கீழே இன்னொரு பாயைத் தள்ளிப் பாருங்கள். சொரசொரப்பான பின்னல்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். தள்ளத் தள்ள மேற்பாயின் விளிம்பு கீழ்ப்பாயோடு சேர்ந்து உள்ளே இழுபடும், முனை தாழும், நடுப்பகுதி சிறிது புடைக்கும். பின்னர் ஒரு கணத்திற் பிடி விட, மேற்பாயின் விளிம்பு முன்னோக்கிப் பாய்ந்து எழும். சுமாத்திராவின் கரையில் நிகழ்வது இதுவே. பாயின் விளிம்பு என்பது அத்தீவு வரிசை. புடைப்பு, கரையும் அதற்கப்பாலுள்ள நிலமுமாம். தள்ளும் திசையும் நேரானதன்று, சரிவானது. அச்சரிவின் பக்கவாட்டு இழுவையைத் தாங்குவது மலைத்தொடரின் நடுவே நீளத்துக்கும் ஓடும் பெருஞ் சுமாத்திராப் பிளவு. அதன் நீளம் ஏறத்தாழ 1,900 கிலோமீற்றர். ஆகவே அங்கே மலையின் ஒரு பக்கத்துக் கல்லும் மறுபக்கத்துக் கல்லும் ஒரே தோணியில் இல்லை.

இதனை முதன்முதலிற் கண்ணாரக் கண்டவர் ஒரு நில அளவையாளர் என்பது, பெரியையா உயிரோடிருந்தால் அவருக்கு நான் சொல்ல விரும்பியிருக்கும் செய்தி. 1892 ஆம் ஆண்டு ஒல்லாந்த அரசு சுமாத்திராவில் முக்கோண அளவை நடத்திக்கொண்டிருந்தது. தப்பனூலிப் பகுதியின் மலைச்சிகரங்களிற் கற்களை நாட்டி, மியூலர் என்பவர் கோணங்களை அளந்து வந்தார். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, மே மாதம் 17 ஆம் திகதி, பெரும் பூமியதிர்ச்சியொன்று ஏற்பட்டது. பின்னர் அளந்தபோது கோணங்கள் பொருந்தவில்லை. கருவியிற் குறையா, கையிற் குறையா என்று ஆராய்ந்தவர், ஈற்றில் மலைச்சிகரங்களே ஒரு மீற்றருக்கு மேல் இடம் பெயர்ந்துவிட்டன என்ற முடிவுக்கு வந்தார். மலையிற் போட்ட கல்லே கல் என்று நம்பியிருந்த ஒரு துறையில் அவ்வாறு எழுதிவைக்கத் துணிவு வேண்டும். 1906 இற் சான்பிரான்சிஸ்கோ அதிர்ச்சியை ஆராய்ந்து, நிலம் வில்லைப்போல வளைந்து பின்னர் மீள்கிறது என்னும் கொள்கையை வகுத்த றீட் என்ற அமெரிக்கர், பிற்பாடு மியூலரின் சுமாத்திரா அளவைகளையும் தேடியெடுத்து ஆராய்ந்தார்.

மியூலர் கண்டது அறுந்த வில்லை. வில் வளைவதைக் காண்பதற்கு இன்னும் ஒரு நூற்றாண்டு சென்றது. அதற்குச் செய்மதிகள் வேண்டியிருந்தன.

ஜி. பி. எஸ். என்னும் எழுத்துகள் இன்று முச்சக்கரவண்டிச் சாரதிக்கும் தெரியும். ஆனால் நமது கைத்தொலைபேசி இடங்காட்டுவது சில மீற்றர் பிழையோடு. ஆண்டுக்கு நாலு சென்ரிமீற்றர் நகரும் தீவை அதைக்கொண்டு அளப்பது, விறகுத் தராசிலே பொன் நிறுப்பதற்கு ஒப்பாகும். கருவி அடிப்படையில் ஒன்றேயாயினும் பயன்படுத்தும் முறை வேறு. செய்மதிகள் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் அணுக்கடிகாரங்களைச் சுமந்து சுற்றுகின்றன. அவை அனுப்பும் வானொலி அலை நிலத்தை அடைய எடுக்கும் காலத்தைக்கொண்டு தூரம் கணிக்கப்படுகிறது. அலை விநாடிக்கு மூன்று இலட்சம் கிலோமீற்றர் ஓடுவது. ஆதலால் ஒரு விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு பிழைத்தாலும் தூரத்தில் முப்பது சென்ரிமீற்றர் பிழைக்கும். விஞ்ஞானிகள் குறிகளை மட்டும் எண்ணாமல், அவற்றைச் சுமந்துவரும் அலையையே அளக்கின்றனர். அவ்வலையின் நீளம் 19 சென்ரிமீற்றர். அந்த ஓரலையின் எந்தப் பகுதி அக்கணத்தில் வந்து சேர்ந்தது என்று நூறில் ஒரு பங்கு நுட்பமாகப் பார்த்தால் இரண்டு மில்லிமீற்றர் வரை இறங்கிவிடலாம்.

இறங்கிவிடலாம் என்று எழுதுவது எளிது. அலை வழியிலே வளிமண்டலத்தைக் கடந்து வரவேண்டும். மேலே மின்னேற்றம் பெற்ற படை அதனைத் தாமதிக்கச் செய்யும். இரண்டு வெவ்வேறு அதிர்வெண்களில் அலைகளை வாங்கி ஒப்பிட்டு அந்தத் தாமதத்தை நீக்கலாம். கீழே நீராவி இருக்கிறது. அதற்கு அந்தத் தந்திரம் பலிக்காது. மழைக்காடு மூடிய வெப்பவலய மலைநாட்டில் நீராவிக்குப் பஞ்சமேது? ஆகவே நாள் முழுவதும் வரும் அலைகளைச் சேர்த்து, நீராவியின் அளவையும் ஒரு தெரியாக்கணியமாக வைத்துக் கணக்குத் தீர்க்கவேண்டும். மற்றுமொரு சிக்கல், செய்மதிகள் யாவும் தலைக்கு மேலேயே இருக்கின்றன, காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. ஆதலாற் கிழக்கு மேற்கு நகர்வைவிட ஏற்ற இறக்கத்தை அளப்பது எப்போதும் கடினம். சுமாத்திராத் தீவுகளிலோ முக்கியமானது ஏற்ற இறக்கமே.

சுமாத்திராவில் இம்முறையிலான அளவைகள் 1989 இல் ஆரம்பமாயின. இந்தோனேசிய அளவையாளரும் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, பழைய ஒல்லாந்தக் கற்களையும் தேடிக் கண்டுபிடித்து, அவற்றின் மேலேயே புதிய கருவிகளை நிறுத்தினர். 1997 இல் வெளியான முடிவு வியப்புக்குரியது. பாத்துத் தீவுகளுக்குத் தெற்கே, அஃதாவது மென்தாவாய்த் தீவுகளின் கீழே, இரண்டு தகடுகளும் முழுமையாகப் பூட்டுண்டு கிடந்தன. அத்தீவுகள் ஆண்டுதோறும் மலைநிலத்தை நோக்கி நெருக்கப்பட்டு வந்தன. வடக்கே அந்தப் பிடி தளர்ந்திருப்பதாகத் தோன்றிற்று. ஆபத்துத் தெற்கே என்று கொள்வதற்கு நியாயம் இருந்தது.

அந்த நியாயத்துக்கு வேறொரு சாட்சியும் கிடைத்தது. முருகைக்கற்கள் கடற்பெருக்கின் மிகத் தாழ்ந்த மட்டத்துக்கு மேலே வளரமாட்டா; காற்றுப் பட்டால் மேற்பகுதி இறந்துவிடும். மரத்துக்கு வளையம் போல அவற்றுக்கும் ஆண்டு வளையங்கள் உண்டு. நிலம் தாழ்ந்தால் முருகை மேல்நோக்கி வளரும். நிலம் உயர்ந்தால் தலை இறந்து, பக்கவாட்டிற் பரவும். கலிபோர்ணியாத் தொழினுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த கெரி சீ என்பவரும், இந்தோனேசியரான டனி ஹில்மன் நதவிட்ஜஜாவும் அவர்தம் குழுவினரும் அம்முருகைக்கற்களைச் சங்கிலி வாளால் அறுத்து வளையங்களைப் படித்தனர். மென்தாவாய்த் தீவுகள் 1797 இலும் 1833 இலும் திடீரென மேலெழுந்ததும், அதன்பின் சென்ரிமீற்றர் சென்ரிமீற்றராகத் தாழ்ந்து வந்ததும் அவற்றில் எழுதப்பட்டிருந்தன. எழுநூறு ஆண்டுக் கணக்கைப் பார்த்தபோது, ஏறக்குறைய இரு நூற்றாண்டுக்கு ஒருமுறை அக்கடன் தீர்க்கப்பட்டு வந்தமை தெரிந்தது. செய்மதிக்கு முப்பது ஆண்டு ஞாபகம். முருகைக்கு எழுநூறு ஆண்டு ஞாபகம். எனக்கு இரண்டாவதன் மீதே சற்று மதிப்பு அதிகம்.

2002 ஆம் ஆண்டு முதல் அக்குழுவினரும், அக்காலத்தில் லிப்பி என வழங்கிய இந்தோனேசிய விஞ்ஞான நிறுவனத்தாரும், தீவுகளிலும் எதிர்க்கரையிலும் நிலையான கருவிகளை நாட்டத் தொடங்கினர். காடு செறிந்த தீவில், வானம் திறந்த வெளி தேடவேண்டும். பாறையில் எஃகுக் கால்களை ஊன்றி, மேலே குவிமாடமிட்ட உணர்கொம்பை நிறுத்தி, சூரிய மின்தகட்டையும் பற்றரியையும் இணைக்கவேண்டும். பின்னர், பிழையின்றி வேலை செய்கிறதா என்று பார்க்கப் படகேறிப் போய்வரவேண்டும். இன்னுமொரு காரியமும் அவர்கள் செய்தார்கள். 2004 நடுப்பகுதியில், மென்தாவாய்ப் பக்கத்துக் கிராமங்களிலும் பாடசாலைகளிலும் சுவரொட்டிகளையும் சிற்றேடுகளையும் கொடுத்து, நிலம் நெடுநேரம் ஆடினாற் கடலை விட்டு ஓடுங்கள் என்று விளக்கினார்கள். விஞ்ஞானி ஆய்வேட்டில் எழுதியதைக் கிராமத்துப் பிள்ளைக்குச் சொல்லப் புறப்படுவது நான் பெரிதும் மதிக்கும் செயல்.

ஆனால் அவ்வாண்டு டிசெம்பர் 26 ஆம் திகதி பிடி விட்டது தெற்கே அன்று, வடக்கே. சிமெலுவேக்கு அருகிலிருந்து அந்தமான் தீவுகள் வரை ஏறக்குறைய 1,300 கிலோமீற்றர் நீளத்துக்குப் பிளவு கிழிந்தது. சுவரொட்டி எட்டாத அச்சே மாகாணம் முதலில் அழிந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை, பூரணை. நமது நேரப்படி காலை 6.59 மணி. (அப்போது நமது மணிக்கூடு இன்றையிலும் அரைமணி முந்தியிருந்தது.) சில நிமிடங்களுள் நிலவலைகள் இலங்கையின் கீழே கடந்து சென்றன. பல்லேகலையிலுள்ள அதிர்ச்சிமானி, நிலம் ஒன்பது சென்ரிமீற்றருக்கு மேல் ஏறி இறங்கியதைப் பதிந்திருக்கிறது. மிக மெதுவான அலையாதலாற் பெரும்பாலோர் உணரவில்லை. கடலலை நமது கிழக்குக் கரைக்கு வர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் சென்றது. என்னோடு பல்கலைக்கழகத்திற் புவியியல் படித்த நண்பரொருவர் வடமராட்சி கிழக்கைச் சேர்ந்தவர். விடுமுறைக்கு வீட்டுக்குப் போயிருந்தார். கடல் உள்வாங்கியதைப் பார்க்கச் சென்ற சிறுவர்களைக் கூப்பிடப் போனவர் திரும்பவில்லை என்று பின்னர் அவருடைய தமையனார் எனக்குச் சொன்னார். கீழமிழ்தல் வலயங்களைப் பற்றிய பாடக்குறிப்பை எனக்குப் பிரதிபண்ணித் தந்தவர் அவரே. அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது.

இலங்கையில் இறந்தோரும் காணாமற் போனோரும் முப்பத்தையாயிரத்துக்கு மேல். இத்தொகையைக் கேட்கும்போதெல்லாம் அந்த இரண்டு மணி நேரமே என் நினைவுக்கு வரும். அந்த நேரத்தில் உலகம் என்ன அறிந்திருந்தது?

பசிபிக் சமுத்திரத்துக்காக ஹவாயில் இயங்கிவந்த எச்சரிக்கை நிலையத்தார், அதிர்ச்சி தொடங்கிப் பதினைந்து நிமிடத்தில், அதன் அளவு 8.0 என அறிவித்தனர். ஒரு மணி நேரம் கழிந்தபின் அது 8.5 ஆயிற்று. உண்மை அளவோ 9.1 அல்லது அதற்கும் கூட. இவ்வெண்களை விலைவாசி எண்களைப் போல வாசித்தல் தவறு. ஓரெண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ முப்பத்திரண்டு மடங்கு கூடும். சாதாரண அதிர்ச்சிமானிக் கணிப்புகள் இத்தகைய பேரதிர்ச்சிகளிலே தடுமாறுவதற்குக் காரணம் உண்டு. பிளவு கிழிந்து முடியவே எட்டுப் பத்து நிமிடம் சென்றது. அலையின் முற்பகுதியைப் பார்த்து முழு அளவைச் சொல்லுதல், கதாப்பிரசங்கத்தின் காப்புச் செய்யுளைக் கேட்டுவிட்டுக் கதையின் முடிவைச் சொல்வது போன்றது. நிலம் நிரந்தரமாக எவ்வளவு இடம் பெயர்ந்தது என்பதைச் செய்மதி அளவை நேராகவே காட்டும். புக்கெற் நகரம் அன்று 27 சென்ரிமீற்றர் நகர்ந்தது. மூவாயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலும் சிறு நகர்வுகள் பதிவாகியிருந்தன. நெவாடாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெவ்றி புளூவிற்றும் அவர்தம் கூட்டாளிகளும், அன்றைய தினம் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்த நிலையங்களின் தரவுகளைப் பின்னர் எடுத்து, முதற் பதினைந்து நிமிடப் பதிவுகளை மட்டுமே பயன்படுத்திக் கணித்துப் பார்த்தனர். விடை 9.0 என வந்தது. 2006 இல் அதனை வெளியிட்டனர்.

அக்கட்டுரையை நான் முதன்முறை வாசித்த இரவு நித்திரை வரவில்லை. கருவிகள் இருந்தன. வானத்திற் செய்மதிகள் இருந்தன. தரவும் வந்துகொண்டிருந்தது. உடனுக்குடன் கணக்குப் பார்க்க ஓர் ஏற்பாடும், பார்த்ததைச் சொல்ல ஒரு வழியும், கேட்டு ஓட ஒரு கரையுமே இருக்கவில்லை. இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கைத் தொகுதியே அன்று இல்லை. அளவு 9.0 என்று எவராவது அறிந்திருந்தாலும் உடுத்துறைக்கு யார் தொலைபேசி எடுத்திருப்பார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி சரியே. அதற்காக முதற் கணக்கு வேண்டாமென்று ஆகிவிடுமா?

சிமெலுவேத் தீவில் அன்று கணக்கும் இல்லை, கருவியும் இல்லை. அதிர்ச்சி தொடங்கிய இடத்துக்கு மிக அண்மையிலிருந்த தீவு அது. அங்கே 1907 இல் ஒரு பேரலை வந்து பலரை அழித்தது. அதனை 'ஸ்மொங்' என்ற சொல்லால் அத்தீவார் நினைவு வைத்திருந்தனர். நிலம் பலமாக ஆடிக் கடல் வற்றினால் மலைக்கு ஓடு என்பது பாட்டிமார் பேரருக்குச் சொல்லும் கதையாகவும் தாலாட்டாகவும் வழங்கிற்று. 2004 இல் எழுபத்தெண்ணாயிரம் மக்களுள் இறந்தவர் ஏழு பேர். செய்மதியைப் புகழ்ந்து எழுதும் எவரும் இந்த ஏழு என்ற எண்ணைக் கடந்து செல்ல முடியாது. அதேவேளை, இதைச் சொல்லிக்கொண்டு கருவிகளை இகழ்வாரோடும் நான் உடன்படமாட்டேன். சிமெலுவே மக்களுக்கு நிலம் ஆடிற்று, நமக்கு ஆடவில்லை. நிலம் ஆடாத கரையில் உள்ளவனுக்குப் பாட்டியின் கதை எப்போது ஓடுவதென்று சொல்லாது. ஹம்பாந்தோட்டைக்கு அருகிலுள்ள கரகன் களப்பின் சேற்றிலே, 2004 க்கு முன்பும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் பலமுறை பேரலை வந்து விட்டுச்சென்ற மணற்படைகளை ஆய்வாளர் கண்டிருக்கின்றனர். ஆனால் அவற்றுக்கிடையில் நீண்ட காலம் கழிந்துவிட்டது. எந்தத் தாலாட்டும் அத்தனை காலம் தாங்காது.

அடுத்த ஆண்டு மார்ச் 28 ஆம் திகதி நியாஸ் தீவின் கீழே 8.6 அளவில் மற்றொரு பிடி விட்டது. இம்முறை கருவிகள் காத்திருந்தன. நியாஸின் மேற்குக் கரை ஏறக்குறைய மூன்று மீற்றர் மேலெழுந்ததும், முருகைப்பார்கள் கடலுக்கு மேலே வந்து வெளிறி இறந்ததும், அதன்பின் பல மாதங்களாகத் தீவுகள் ஓசையின்றி ஊர்ந்துகொண்டிருந்ததும் பதிவாயின. அதிர்ச்சி முடிந்தபின்னும் நிலம் அடங்குவதில்லை என்பது இவ்வாறு துலக்கமாகத் தெரிந்தது. நிலையங்கள் பின்னர் ஐம்பதுக்கு மேற்பட்டனவாகப் பெருகின; சிங்கப்பூரில் நிறுவப்பட்ட புவி அவதான நிலையத்தார் அப்பணியிற் பெரும்பங்கு ஏற்றனர்.

2007 செப்ரெம்பர் 12 ஆம் திகதி பெங்கூலு நகருக்கு அப்பால் 8.4. பூட்டுண்டு கிடந்த மென்தாவாய்த் துண்டுதான் ஈற்றில் திறந்துகொண்டது என்றே முதலில் எவரும் நினைத்திருப்பர். செய்மதிக் கணக்கை எடுத்துப் பார்த்தபோது, 1797, 1833 ஆம் ஆண்டுகளிலிருந்து சேர்ந்த கடனில் ஒரு பகுதியே தீர்ந்திருந்தது. எவ்வளவு கொடுபட்டது என்பதை மட்டுமன்றி, எவ்வளவு நிலுவை என்பதையும் எழுதிவைத்த கணக்கு அது. அம்முறை தெரியாதிருந்தால், தீர்ந்தது தொல்லை என்று மக்கள் உறங்கியிருப்பர்.

செய்மதியின் கண்ணும் எல்லாவற்றையும் காண்பதன்று. 2010 ஒக்ரோபர் 25 இல் பகாய்த் தீவுகளுக்கு அப்பால், அகழியின் ஓரத்தில், 7.8 அளவில் ஓர் அதிர்ச்சி நிகழ்ந்தது. தீவிலிருந்தோர் மென்மையான ஆட்டமென்றே கருதினர். சற்று நேரத்தில் வந்த அலை நானூறுக்கு மேற்பட்டோரைக் கொண்டுசென்றது. கருவிகள் நிற்பது தீவில். பிடி விட்டதோ அதற்கப்பால் கடலடியில். வானொலி அலை கடல்நீரை ஊடுருவாது. யப்பானியர் இதற்கு ஒரு வழி கண்டிருக்கின்றனர். கப்பலின் இடத்தைச் செய்மதியால் அறிந்து, கப்பலிலிருந்து கடலடியிலுள்ள கருவிக்கு ஒலியலையால் தூரம் அளக்கின்றனர். 2011 இல் அவர்கள் நாட்டுப் பேரதிர்ச்சியிற் கடலடி 24 மீற்றர் பாய்ந்ததை அம்முறையாலேயே அளந்தனர். செலவு மிகுந்த முறை. சுமாத்திராவின் நீண்ட அகழிக்கு அதனை யார் செய்து கொடுப்பர்?

2012 ஏப்பிரல் 11 ஆம் திகதி வாசகர் பலருக்கு நினைவிருக்கும். சித்திரை வருடப் பிறப்புக்கு இரண்டு நாள் முன்னர், பிற்பகல். சுமாத்திராவுக்கு மேற்கே 8.6. கடற்கரை வாசிகள் கையில் அகப்பட்டதோடு உள்ளே ஓடிவந்தனர். எங்கள் வீட்டு முற்றத்திலும் மூன்று குடும்பங்கள் இருந்தன. பலகாரத்துக்கு வைத்திருந்த மாவிலே பிட்டு அவித்து எல்லோருக்கும் கொடுத்தோம். அலை வரவில்லை. அம்முறை தகடு ஒன்றன்மேலொன்று ஏறவில்லை. பக்கவாட்டில் உரசிச் சென்றது. ஆகவே கடலடி பெரிதாக உயரவில்லை. "வீணாக ஓட்டினாங்கள்" என்று அன்றிரவே சிலர் சொல்லத் தொடங்கினர். ஓடியது வீணன்று என்று ஒரு முதிய மீனவர் அமைதியாகச் சொல்லிவிட்டுப் பிட்டுச் சாப்பிட்டார். 2004 இல் அவர் வீட்டில் நால்வரை இழந்தவர்.

மென்தாவாயின் வடபகுதியில், சிபெருத் தீவின் கீழே, பிடி இன்னும் விடவில்லை. அங்கு நாட்டிய கருவிகளின் கோட்டுப்படங்களை வகுப்பிலே தொங்கவிட்டிருக்கிறேன். புள்ளிகள் நாளுக்கொன்று, ஆண்டுக் கணக்கில் ஒரே சரிவான கோடு. தெற்கே பகாயின் படத்தில் 2007 இல் ஒரு செங்குத்துப் பாய்ச்சல். சிபெருத்தின் கோட்டில் அப்படி இன்னும் ஒன்று இல்லை. அங்கிருந்து அலை எழுந்தால் அதன் பெரும்பகுதி அகழிக்குச் செங்குத்தாகத் தென்மேற்கே திறந்த சமுத்திரத்துக்கும், மறுபுறம் சுமாத்திராக் கரைக்குமே செல்லும். 2004 ஐப் போல நம்மை நேர்நோக்கி வருவது அருமை. ஆதலால் இக்கணக்கு முதன்மையாக நமக்கு உரியதன்று. அது படாங் நகரத்தாருக்கு உரியது. மலைக்கும் கடலுக்கும் இடையில், தாழ்ந்த சமவெளியில், ஒன்பது இலட்சம் மக்களுக்குக் குறையாமல் வாழும் நகர் அது. அதிர்ச்சி ஓய்ந்தபின் அலை வர அரைமணி நேரமே இருக்கலாம் என்பது கணிப்பு. அதற்குள் அத்தனை பேரும் குன்றுகளை அடையத் தெருக்கள் போதா.

2009 செப்ரெம்பர் 30 இல் 7.6 அளவில் வேறொரு வகை அதிர்ச்சி அந்நகரைத் தாக்கி, ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அலை எழவில்லை, நிலுவையும் குறையவில்லை. இடிந்தவற்றைத் திரும்பக் கட்டியபோது சில பாடசாலைகளை உயர்ந்த அடைக்கலக் கட்டிடங்களாகவே கட்டினர். அவற்றுள் ஒன்றின் படத்தைப் பார்த்திருக்கிறேன். தூண்கள் தடித்தவை. கூரை தட்டையானது. சுற்றுப்புற மக்களும் ஓடிவந்து ஏறுவதற்காக மேல்தளத்துக்குச் செல்லும் படிக்கட்டு வெளிப்புறத்தில், நாலைந்து பேர் தோளோடு தோள் நின்று ஏறத்தக்க அகலத்தில் இருக்கிறது. கீழே வழக்கம்போல வகுப்புகள் நடக்கின்றன.